ஒரு சைக்கிள் வட்டம், நானூறு ஆண்டுகள்



சென்ற பொதுக்கூட்டத்தில் வந்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். கீழ்த்தளத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் 37 சைக்கிள்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் அங்கே மூன்று கார் நிறுத்தலாம் என்பது அது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. கை தூக்குமுன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். அந்த 37-ல் ஒன்று என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1983-ல் பொன்னேரியில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஊழியர்களுக்கான சைக்கிள் முன்பணத்தில் வாங்கிய வண்டி அது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். அம்பத்தூரில் செய்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் ஹெர்குலிஸ். வலைக்கடன் வாங்கியவர்களைப் பார்க்க கள அலுவலர் பழவேற்காடு கிளம்பினால், பேரேட்டு நகலோடு நானும் என் வண்டியில் பின்னாலேயே போவேன். அந்த வழியைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

புதுவாயலில் விடியுமுன் கிளம்பிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் ஓடுகின்றன. ஆகவே தச்சூர் கூட்டுச்சாலை வரை ஓரமாக, விளக்கு போட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். அங்கே கிழக்கே திரும்பிவிட்டால் லாரிச் சத்தம் மெல்ல மெல்லப் பின்தங்கிவிடும். அடுத்து வருவது பொன்னேரி. அகத்தீஸ்வரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் உள்ள ஊர். திருவிழாவில் சிவனும் பெருமாளும் வீதியில் எதிரெதிரே வந்து சந்திப்பது இவ்வூரின் சிறப்பு. ஆரணி ஆறு இந்தப் பக்கமாகத்தான் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது.

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர். மேடு பள்ளம் கிடையாது. கடற்காற்று எதிரே அடித்தால்தான் கால் வலிக்கும். நெல்வயல் முடிந்து உவர்நிலம் தொடங்குமிடத்தில் காற்றின் வாசனை மாறுவதைக் காரில் போகிறவர் அறியமாட்டார்.

இன்று மீன் வாங்கப் போகிற ஊராகத்தான் பழவேற்காட்டை நமக்குத் தெரியும். ஆனால் சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டுவதற்கு முன்பே இது உலக வணிகத்தில் பெயர் பெற்ற துறைமுகம். முதலில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்கள் தலைமையிடம் இதுதான். நம் பக்கத்து நெசவாளர் நெய்த துணி கிழக்கே இந்தோனேசியத் தீவுகளுக்குப் போயிற்று. அதைக் கொடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். கட்டம்போட்ட கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்றே ஒரு பெயர் உண்டு. நம் ஊரின் பெயர்தான் அது.

வரவை எழுதிவிட்டுச் செலவை மறைத்தால் கணக்கு நேராகாது. பஞ்ச காலங்களில் பசிக்கு விற்கப்பட்ட மனிதர்களையும் இதே துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வணிகர்களின் கல்லறைகளில் பெயரும் சின்னமும் அழகாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அந்த வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1824-ல் ஏற்பட்ட ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கைப்படி 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

ஏரியை ஒட்டிச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் ஒரு பஞ்சக் கதை உண்டு. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தனியார் கால்வாயாகத் தொடங்கியது. பிறகு பழவேற்காடு வரையிலும் அதற்கு அப்பால் ஆந்திரக் கரையிலும் நீண்டது. 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாகக் கூலிக்கு மண் சுமந்த மக்கள்தான் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். பெயர் மட்டும் அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று. உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போன வழி இது.

ஏரிக்கரையில் சற்று உட்காருங்கள். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் வரும். நம் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிறோமே ராக்கெட், அது கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா இந்த ஏரியையும் கடலையும் பிரிக்கும் தீவில்தான் இருக்கிறது.

வந்த வழியே திரும்பாதீர்கள். திருப்பாலைவனத்திலிருந்து காட்டூர், மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி வந்து வீடு சேர்ந்தால் வட்டம் முடியும். ஒரே நாளில் சுற்ற முடியாதவர்கள் பொன்னேரி வரை போய்வந்தாலே போதும்.

இந்த வட்டம் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் வரை சென்னை எல்லைச் சாலையின் முதல் பகுதி வருகிறது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொழிற்பேட்டைக்கு அது தேவை. ஆனால் ஆறுவழிச் சாலை வரும் இடத்தில் சைக்கிளுக்கும் வழி விடுங்கள் என்று கேட்க, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாலு பேராவது இருக்க வேண்டும். யாரும் ஓட்டாத வண்டிக்கு யார் வழி விடுவார்கள்?

சைக்கிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் கிராமச் செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பஸ்ஸுக்கும் கணவருக்கும் காத்திருப்பது குறைந்தது. பிற்பாடு அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தது. நம் 37-ல் அப்படி ஒன்றும் இருக்கிறது. நம் காவலாளியின் மகள் கவரைப்பேட்டைக்கு அதில்தான் படிக்கப் போனாள். அவரைக் கேட்காமல் எடை போட நமக்கு உரிமை உண்டா?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, தீர்மானத்தை மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள். இரண்டு, அவரவர் சைக்கிளில் வீட்டு எண் எழுதிய அட்டை கட்டுங்கள். சொந்தக்காரர் வேண்டாம் என்பதை மட்டும் விற்கலாம். மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்காரரை இங்கேயே வரவழைப்போம். டியூப், பிரேக் கட்டை, செயின் எல்லாம் பார்த்து ஓவராயில் செய்து தருவார். செலவு அவரவருடையது.

என் ஹெர்குலிஸுக்கு நேற்றே காற்றடித்துப் பார்த்தேன். பின் டியூபில் இரண்டு பஞ்சர். மணி மட்டும் இன்னும் அடிக்கிறது.