மதிலுக்கு அப்பால் மேய்ந்த மான்கள்

பீகிங் நகருக்குத் தெற்கே சீனச் சக்கரவர்த்திக்கு உரிய வேட்டைவனம் ஒன்று இருந்தது. சுற்றிலும் நெடுமதில்; அயலார் உள்ளே புக அனுமதியில்லை. 1865-ஆம் ஆண்டில் அம்மதிலின் மேலாக உள்ளே நோக்கினார் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். தொலைவில் மந்தையாக மேய்ந்தன, அவர் எந்நூலிலும் கண்டிராத மான்கள். கொம்பு கலைமானைப் போன்றது. கழுத்து ஒட்டகத்தையும், குளம்பு பசுவையும், வால் கழுதையையும் போன்றவை. ஆயினும் அந்நான்கில் எதுவும் அன்று. இக்கருத்துப்படவே சீனர் அதனை 'நான்கினையும் ஒவ்வாதது' என்று அழைத்தனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இத்துணைச் சுருக்கமான வருணனையைக் கண்டது அரிது.

அர்மான் தாவீது என்னும் அப்பாதிரியார் 1826-இல் பிறந்தவர்; லாசரிஸ்ட் சபையின் சார்பில் 1862-இல் பீகிங் சென்றவர். காவலரிடம் எவ்வாறோ தோல்களைப் பெற்றுப் பாரிஸ் பொருட்காட்சிச்சாலைக்கு அனுப்பினார். 1866-இல் அங்கு மில்ன்-எட்வர்ட்ஸ் என்னும் விலங்கியலறிஞர் அம்மானுக்குப் பாதிரியாரின் பெயரையே சூட்டினார். பெரிய பாண்டாவை 1869-இல் மேலைநாட்டு விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே.

காடுகள் அழிக்கப்படுவதைக் கண்டு அவர் தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதினார். இத்தனை வகை உயிர்களை, ஒவ்வொன்றையும் தன்னளவில் குறைவற்றதாகச் சிருஷ்டித்த ஆண்டவன், தன் தலைசிறந்த படைப்பாகிய மனிதனின் கையாலேயே அவை என்றென்றைக்கும் ஒழிந்துபோக இசைவானோ என்பது அவர் உள்ளத்தை வருத்திய வினா. விவிலியத்தின் முதல் அதிகாரம் விலங்குகள்மீது மனிதனுக்கு ஆளுகை தருகிறது. அவ்வாளுகையை உரிமை என்று கொள்வது எளிது. உயிர்களை ஒவ்வொன்றாக நோக்கிப் பழகிய இவரோ அதனைக் கடனாகக் கண்டார் என்றே நாம் கருதுகிறோம். அவரும் துப்பாக்கி ஏந்தியே மாதிரிகளைச் சேகரித்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவர் அஞ்சியது அவருடைய மான்களுக்கே நேர்ந்தது. 1895-இல் வெள்ளம் மதிலை உடைத்தது. தப்பியோடிய மான்களைப் பசியால் வாடிய குடியானவர்கள் கொன்று தின்றனர். எஞ்சியவை 1900-இல், பாக்ஸர் கலகத்தின்போது வந்த அயல்நாட்டுப் படைகளுக்கு இரையாயின. தாவீது பாரிஸில் காலமானதும் அவ்வாண்டிலேயே.

நல்வேளையாக, அதற்கு முன்பே சில மான்கள் உயிரோடு ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளுக்குச் சென்றிருந்தன. பெட்ஃபோர்டு பிரபு அவற்றுள் 18 மான்களைத் திரட்டி, இங்கிலாந்தில் வோபர்ன் என்னுமிடத்தில் தம் பண்ணையில் வளர்த்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் 1985-இல், பழைய வேட்டைவனம் இருந்த அதே நிலத்துக்குத் திரும்பி வந்தன.