போர் ஓவியங்களும் பென்சில் கையொப்பங்களும்

மேகத்தைக் கிழித்துக்கொண்டு எழும் ஸ்பிட்பயர் விமானத்தின் அச்சுப்படம் ஒன்றை விலைக்கு வாங்க வருபவர், முதலில் விமானத்தைப் பார்ப்பதில்லை. படத்தின் கீழே விடப்பட்டுள்ள வெள்ளை விளிம்பையே பார்க்கிறார். அங்கே பென்சிலால் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அச்சிட்ட மொத்தப் படிகளுள் இது எத்தனையாவது என்பதை அது கூறும். அருகில் ஓவியரின் கையொப்பம். அதனையும் அடுத்து, அவ்வகை விமானத்தை உண்மையிலேயே ஓட்டிப் போரிட்ட முதியவர் ஒருவரின் பெயர், சற்றே நடுங்கிய எழுத்தில் காணப்படும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தகைய படங்களைத் தேடிச் சேர்ப்போர் பலர். அவர்கள் சேர்ப்பது ஓவியத்தையா, எண்ணையா, கையொப்பத்தையா என்று வினவினால், விடைக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1759ஆம் ஆண்டு கியூபெக் போரில், வெற்றி கைகூடிய வேளையில், பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் உல்ஃப் களத்திலேயே மாண்டார். 1770இல் பெஞ்சமின் வெஸ்ட் அக்காட்சியைத் தீட்டினார். சாகும் தளபதியைச் சூழ்ந்து துயருற்று நிற்பதாக அவர் வரைந்தவர்களுள் பெரும்பாலோர் அந்நேரத்தில் அவ்விடத்தில் இருந்தவர்களே அல்லர். வாங்கியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வில்லியம் வுல்லெட் அவ்வோவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1776இல் வெளிவந்த அச்சுப்படம் ஐரோப்பா எங்கும் விற்பனையாயிற்று. வெளியீட்டில் பங்கு கொண்ட ஜான் பாய்டெல் பெரும்பொருள் ஈட்டினார்.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை அச்சு இயந்திரத்தினூடே செல்லும்போதும் தகட்டிலுள்ள கோடுகள் நசுங்கித் தேயும். முதலில் எடுத்த படிகள் கூர்மையாக இருக்கும். பிந்தியவை மங்கி வெளிறிப் போகும். எனவே தலைப்பு எழுத்துகளைப் பொறிப்பதற்கு முன்பே எடுத்த முதற்படிகளைச் செல்வர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கினர். அக்காலத்தில் அச்சுப்படத்தின் அருமை உலோகம் விதித்த எல்லையாக இருந்தது. மனிதர் அதில் ஏமாற்ற அதிகம் இடமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகுத் தகடு வந்தது. ஆயிரக்கணக்கில் அச்சிட்டாலும் அது எளிதில் தேயவில்லை. உலோகம் விலகிக்கொள்ளவே, வணிகர்கள் எல்லையைத் தாமே வகுக்கத் தலைப்பட்டனர். 1847இல் லண்டனில் தோன்றிய அச்சுப்பட விற்பனையாளர் சங்கம், முதற்படிகளின் எண்ணிக்கையைப் பதிவு செய்து அவற்றில் முத்திரையிட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஆப்செட் அச்சுமுறையிலோ ஒரு படத்தை ஐம்பதாயிரம் முறை அச்சிடவும் தடையில்லை. எண்ணூறு படிகளோடு நிறுத்துவது என்பது வெளியீட்டாளர் தரும் வாக்குறுதி, அவ்வளவே.

வெறும் வாக்குறுதிக்கு எத்தனை பேர் பணம் கொடுப்பர்? இந்த இடத்தில்தான் பழைய விமானிகள் வரலாற்றில் மீண்டும் நுழைகின்றனர். 1971இல் பிரிட்டனில் விமான ஓவியர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் ராபர்ட் டெய்லர் தீட்டிய ஸ்பிட்பயர் படம் அச்சாகி, டக்ளஸ் பேடர், ஜானி ஜான்சன் ஆகிய புகழ்பெற்ற விமானிகளின் கையொப்பங்களோடு விற்பனைக்கு வந்தது. இரு கால்களையும் இழந்த பின்னும் போர் விமானம் ஓட்டியவர் பேடர். 1941 ஆகஸ்டில் பிரான்சின் மேல் பறந்தபோது வீழ்ந்து சிறைப்பட்ட அவரை, ஜெர்மானிய விமானப்படைத் தளபதி அடால்ஃப் காலண்ட் தம் விமான தளத்திற்கு அழைத்து விருந்தினரைப் போல நடத்தினார். போருக்குப் பின் இருவரும் நண்பராயினர். காலண்ட் போன்ற ஜெர்மானியரும் இத்தகைய படங்களில் கையெழுத்திட்டனர். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்த முயன்ற தரப்பினர் ஒரே தாளின் விளிம்பில் அருகருகே பெயர் எழுதியதைச் சேகரிப்போர் மிக விரும்பினர். உல்ஃப் படத்தில் இல்லாத ஒன்று இங்கே கிடைத்தது: அங்கே இருந்தவன் ஒருவனின் கை, இந்தத் தாளைத் தொட்டிருக்கிறது.

வாக்குறுதி நெகிழ்ந்ததும் உண்டு. எண்ணிட்ட படிகளுக்கு அப்பால் ஓவியர் படி, வெளியீட்டாளர் படி என்று தனித்தனி வரிசைகள் பெருகின. விளிம்பில் ஓவியர் சிறு பென்சில் சித்திரம் வரைந்த படிகளுக்குத் தனி விலை. இவற்றையெல்லாம் கூட்டினால், எண்ணூறு என்று குறித்த படம் உண்மையில் எத்தனை வீடுகளில் தொங்கும்? போலிக் கையொப்பங்களும் புகுந்தன. இதற்குச் சேகரிப்போர் கண்ட முதற்சோதனை எளிது: இறந்த ஆண்டையும் படம் அச்சான ஆண்டையும் ஒப்பிடுவது. 1943 மே மாதம் ஜெர்மானிய அணைகளைத் தகர்க்கச் சென்ற 617ஆம் அணியின் தலைவர் கை கிப்சன் 1944 செப்டம்பரிலேயே மாண்டவர். 1980களில் அச்சான லங்காஸ்டர் படத்தின் தாளில் அவர் பெயரைக் கண்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. அந்த 19 விமானங்களில் சென்ற 133 பேரில் 53 பேர் அன்றிரவே உயிரிழந்தனர். விளிம்பில் காணும் பெயர்கள் யாவும் மீண்டு வந்தவர்களுடையவை. சேகரிப்புகள் சொல்லும் போர் வரலாறு அந்த அளவில் பாதி வரலாறே.

கடினமான வினாவை எழுப்புவது வேறொரு பெயர். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ், பிற்காலத்தில் ஏராளமான படங்களில் கையொப்பமிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர். ஜப்பானியரின் மூன்றரை ஆண்டு ஆட்சியைச் சுமந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அப்போர் முடிந்த செய்திக்கு மகிழ்ந்தவர் பலர். ஆயினும் அப்பெயரைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைப்பது மகிழ்ச்சியைச் சேர்ந்த செயலன்று. 2007இல் மறைந்த டிபெட்ஸ், எதிர்ப்பாளர்கள் கூடும் இடமாகிவிடும் என்று அஞ்சித் தமக்குக் கல்லறையே வேண்டாம் என்றார். அவருடைய அஸ்தி ஆங்கிலக் கால்வாயில் தூவப்பட்டது. கல்லில் இல்லாத அப்பெயர், தாள்களின் விளிம்பில் இருக்கிறது.

1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் பிரிட்டிஷ் தரப்பில் பறந்தோர் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களுள் எஞ்சியிருந்த கடைசி விமானி ஜான் ஹெமிங்வே, 2025 மார்ச் 17ஆம் நாள் தமது 105ஆம் வயதில் மறைந்தார். செம்புத் தகடு தேய்ந்ததைப் போல, இங்கும் வணிகர் மாற்ற இயலாத எல்லை ஒன்று வந்துவிட்டது. வெளியீட்டாளர்கள் முன்னரே தனித்தாள்களில் வாங்கி வைத்த கையொப்பங்களைப் புதிய படங்களின் சட்டத்திற்குள் படத்தை அடுத்துப் பொருத்தி விற்கின்றனர். அந்தப் படங்களை அவ்விமானிகள் கண்டதே இல்லை.