மூன்று ஏரியல்களும் ஒரு குரலும்

தெமோதரையைக் கடந்து புகையிரதம் பதுளையை அடைந்தது 1924-ஆம் ஆண்டிலாகும். மறு ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் கொழும்பில் வானொலி நிலையம் தொடங்கி வைக்கப்பெற்றது. மலையைக் குடைந்து ஏறிவரப் புகையிரதத்துக்குப் பாதை வேண்டியிருந்தது. வானொலியோ பாதையின்றியே வந்தது. எனினும் அதற்கும் வழியில் ஓர் இடர் இருந்தது.

சிற்றலைகள் உயரத்தேயுள்ள அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்வன. 1949-இல் ரேடியோ சீக் நிலையம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபின், கொழும்பின் குரல் தமிழ்நாட்டு இல்லங்களை எட்டியதும் சிற்றலையினாலேயே. ஆனால் ஒரே நிலையத்தின் அலைகள் பல வழிகளால் வந்து சேருங்கால், ஒரு கணம் ஒன்றையொன்று வலுப்படுத்தும். மறுகணம் ஒன்றையொன்று அழிக்கும். குரல் தேய்ந்து தேய்ந்து மீண்டும் ஓங்குவதைச் சிற்றலை கேட்டுப் பழகிய முதியோர் நன்கறிவர்.

இதற்கு முதலில் எழுந்த மருந்து, தன்னியக்கப் பெருக்கக் கட்டுப்பாடு. அமெரிக்கரான ஹரோல்ட் வீலர் 1926-ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். அலை மெலிந்தால் கருவி தானே பெருக்கத்தைக் கூட்டும், வலுத்தால் குறைக்கும். ஆயினும் அலையே அற்றுப்போனால் அது எதனைப் பெருக்கும்? வெறும் இரைச்சலையே பெருக்கும்.

அக்காலத்தில் நியூயோர்க்கை அடுத்த ரிவர்ஹெட்டில், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பெவரேஜ், பீற்றர்சன் என்போர் வேறொரு வழி கண்டனர். ஓரிடத்தில் அலை மங்கும் கணத்திலேயே சில நூறு அடிக்கப்பாலும் அது மங்குவது அரிது. ஆகவே விலகி நிற்கும் மூன்று ஏரியல்கள், மூன்று வாங்கிகள், முடிவில் ஒரே ஒலி என அமைத்தனர். 1931-இல் இதனை விரித்துக் கட்டுரை வெளியிட்டனர்.

இதன் நுட்பம் பெருக்கத்தை ஆள்வதில் இருந்தது. மூன்று மாணவர் தொலைவிலிருந்து பாடம் கேட்கின்றனர் எனக் கொள்வோம். கேளாதவனும் கேட்டவனுக்கு நிகராக உரத்துச் சொன்னால், மெய்ச்சொல் குழப்பத்தில் மறையும். அவ்வாறே மூன்று வாங்கிகளும் தனித்தனியே பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டால், அலை பெறாத வாங்கியின் இரைச்சல் குரலுக்குச் சமமாகிவிடும். எனவே மூன்றுக்கும் பொதுவான ஒரே கட்டுப்பாட்டை வைத்தனர். மிக வலிய அலை பெற்ற வாங்கியே மூன்றின் பெருக்கத்தையும் வரையறுத்தது. மற்றவை தாமாகவே அடங்கின.

இன்று நம் கைத்தொலைபேசிகளிலும் பல ஏரியல்கள் உண்டு. அவற்றுள் எதன் அலை இரைச்சலை விஞ்சித் தெளிவாக உள்ளது என்று கணித்து, அதற்கேற்ற மதிப்பு அளிக்கப்படுகிறது. கணக்கு நுண்ணியதாயிற்று, ரிவர்ஹெட்டில் எழுந்த கேள்வி மட்டும் இன்றும் அதுவே.