மூக்கை மரத்துப்போக வைத்த கொக்கைன்!

கொக்கைன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கடத்தலும் சினிமா வில்லன்களும்தான். ஆனால் இன்று சைனஸ் ஆபரேஷன் முடிந்த ஒருவர் பெரிய வலியில்லாமல் கண் விழிக்கிறார் என்றால், அதற்கு முதல் விதை போட்டது இதே கொக்கைன்தான். நம்ப முடிகிறதா?

மூக்கில் என்ன சிக்கல்?

மூக்கின் உள்சவ்வில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி பட்டால் வலியும் அதிகம், ரத்தமும் அதிகம். 1846-ல் ஈதர், 1847-ல் குளோரோஃபார்ம் என்று மயக்க மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் முழு மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் மூக்கிலிருந்து வழியும் ரத்தம், மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் ஆபத்து இருந்தது. மயக்கம் தெளிந்ததும் வலியும் திரும்பி வந்துவிடும்.

ஒரு சொட்டு மருந்து

கோக்கா இலையிலிருந்து கொக்கைனைத் தனியாகப் பிரித்து 1860-ல் எழுதியவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் நீமன். நாக்கில் வைத்தால் நாக்கு மரத்துப்போகிறது என்றும் குறித்து வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை!

1884-ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டு (ஆமாம், அந்த மனோதத்துவ ஃப்ராய்டுதான்) கொக்கைனை ஆராய்ந்து கொண்டிருந்தார். இடையில் தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். அவருடைய நண்பர் கார்ல் கோல்லர் என்ற இளம் டாக்டர், கொக்கைன் கரைசலைத் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு குண்டூசியால் தொட்டார். வலிக்கவில்லை!

அந்த செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் கண் டாக்டர்கள் மாநாடு. போக கோல்லரிடம் பணம் இல்லை. அவர் கட்டுரையை வேறொரு டாக்டர்தான் வாசித்தார். அதே ஆண்டில் வியன்னாவின் ஜெலினெக், தொண்டையிலும் குரல்வளையிலும் கொக்கைனைத் தடவி மரத்துப்போகச் செய்தார். மூக்குக்கும் விரைவில் வந்தது. அங்கே அது இரட்டை வேலை செய்தது: வலியையும் நிறுத்தியது, ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தப்போக்கையும் குறைத்தது.

விலை கொடுத்தவர்கள்

நியூயார்க்கின் வில்லியம் ஹால்ஸ்டெட், கொக்கைனை நரம்பருகே ஊசியாகப் போட்டால் அந்த நரம்பு போகும் பகுதி முழுவதும் மரத்துப்போகும் என்று காட்டினார். சோதனை செய்தது தன் உடம்பிலும் சக டாக்டர்கள் மீதும். விளைவு? அவரே அடிமையானார். சிகிச்சைக்குப் பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் புகழ்பெற்ற சர்ஜன் ஆனார். ஆனாலும் 1922-ல் இறக்கும்வரை மார்ஃபின் அவரை விடவில்லை.

அடிமையாக்காத மருந்து

1904-ல் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் நோவோகைனை உருவாக்கினார். அடிமைப்படுத்தாது. ஆனால் மேலே தடவினால் மூக்குச் சவ்வில் சரியாக வேலை செய்யாது, ஊசியாகப் போட்டாலும் சீக்கிரம் தெளிந்துவிடும். ரத்தக் குழாய்களையும் சுருக்காது, அதற்குத் தனியாக அட்ரினலின் சேர்க்க வேண்டும்.

1943-ல் ஸ்வீடனின் லோஃப்க்ரென், லுண்ட்க்விஸ்ட் இருவரும் லிடோகைனைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் பல் டாக்டர் போடும் லிக்னோகைன் இதுதான். இது தடவினாலும் வேலை செய்யும். ஆனால் ஓரிரு மணி நேரம்தான்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு அது போதுமா? மூக்கில் பஞ்சு அடைத்து, வாயால் மூச்சுவிடும் அந்த முதல் சில மணி நேரம்தான் நோயாளிக்குக் கடினம். அந்த இடைவெளியை நிரப்பியது 1957-ல் ஸ்வீடனிலேயே பிறந்த பியூபிவகைன். பல மணி நேரம் தாங்கும். மூக்கின் நடுச்சுவரைச் சரிசெய்யும் ஆபரேஷன்களில் இதை ஊசியாகப் போட்டால் கண் விழிக்கும்போது வலி குறைவாக இருக்கும். அளவு மீறினால் இதயத்தையே தாக்கும் என்பதால் டாக்டர்கள் கவனமாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சரி, கொக்கைன் ஒழிந்துவிட்டதா? இல்லை! மூக்குக்குள் செய்யும் சிகிச்சைகளுக்காக 2017-லும் 2020-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொக்கைன் கரைசல்களுக்கு முறைப்படி அனுமதி கொடுத்தது. மரத்துப்போகவும் வைத்து, ரத்தக் குழாயையும் நன்றாகச் சுருக்கும் குணம் அதற்குப் பின் வந்தவற்றில் அபூர்வம்.

இந்தக் கணக்கில் வரவு கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு. செலவு மட்டும், தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த சில டாக்டர்களின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.