பெயரைத் துறந்த விமானி: ஹாஜிமே தோயோஷிமாவும் போர்க்கைதிக்கு இடம் தராத அரசும்

1. ஆய்வுச் சிக்கல்

1942 பிப்ரவரி 19 காலையில் ஜப்பானியக் கடற்படையின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 188 விமானங்கள் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தைத் தாக்கின. ஹிர்யூ கப்பலிலிருந்து சென்ற ஸீரோ போர்விமானம் ஒன்று எண்ணெய்த் தொட்டியில் குண்டடி பட்டு, இன்ஜின் ஓய்ந்து, வடக்கேயுள்ள மெல்வில் தீவின் காட்டில் தரைதட்டியது. அதன் விமானி ஹாஜிமே தோயோஷிமா. சில நாள்களில் அத்தீவின் திவி பழங்குடியைச் சேர்ந்த மத்தியாஸ் உலுங்குரா, கைக்கோடரியின் காம்பைத் துப்பாக்கி போல் முதுகில் அழுத்தி அவரைப் பிடித்தார். ஆஸ்திரேலிய மண்ணில் பிடிபட்ட முதல் ஜப்பானியப் போர்க்கைதி அவர்.

விசாரணையில் அவர் தம் பெயரை தாதாவோ மினாமி என்றார். தாம் போர்விமானி அல்லர், குண்டுவீச்சு விமானம் ஒன்றின் துப்பாக்கி வீரர் என்றார். அந்தப் பெயரிலேயே ஹே முகாமிலும், பின்னர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கௌரா முகாமிலும் வாழ்ந்தார். 1944 ஆகஸ்ட் 5 பின்னிரவு இரண்டு மணியளவில் கௌராவின் ஜப்பானியக் கைதிகள் முள்வேலியை நோக்கிப் பாய்ந்தபோது அதற்குச் சைகையாக எக்காளம் ஊதியவர் அவரே. அன்றே குண்டடி பட்டு விழுந்து, தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டு இறந்தார்.

வயிறார உணவும் மருத்துவமும் கிடைத்த முகாமில் இருந்த ஒருவர் ஏன் சாவைத் தேடிப் போனார்? சாமுராய் மரபின் மானவுணர்ச்சி என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது போதாது என்பது என் வாதம். தோயோஷிமாவைக் கொன்றது தொன்மரபு அன்று. உயிருடன் சிறைப்பட்டவனுக்குத் தன் பதிவேட்டில் இடம் வைக்காத ஓர் அரசின் அண்மைக்காலக் கொள்கை.

2. மரபின் வயது

ரஷ்ய–ஜப்பானியப் போரில் (1904–05) ஏறத்தாழ 2,000 ஜப்பானியர் ரஷ்யரிடம் சிறைப்பட்டனர். போர் முடிந்ததும் அவர்கள் தாயகம் திரும்பினர். விசாரணை இருந்தது, பழிச்சொல்லும் இருந்தது. சாவு கட்டாயமாக இருக்கவில்லை. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானியரை ஜப்பான் கண்ணியமாக நடத்தியது. பாந்தோ முகாமில் அக்கைதிகள் 1918இல் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை முழுமையாக இசைக்கும் அளவுக்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. கைதியாவதே அழியாக் களங்கம் என்ற எண்ணம் பழங்காலந்தொட்டு மாறாமல் வந்ததாயின் இந்த இரண்டையும் விளக்க முடியாது.

திருப்பம் 1930களில் நேர்ந்தது. 1932இல் ஷாங்காய்ப் போரில் காயமுற்று நினைவிழந்த நிலையில் சீனரிடம் பிடிபட்ட மேஜர் நோபோரு குகா, கைதிகள் பரிமாற்றத்தில் விடுவிக்கப்பட்டபின், தாம் விழுந்த இடத்துக்கே திரும்பிச் சென்று தம்மைச் சுட்டுக்கொண்டார். இராணுவம் அவரைக் கொண்டாடியது. அவரைப் பற்றித் திரைப்படங்கள் வந்தன. 1939இல் நோமோன்ஹான் சண்டைக்குப்பின் சோவியத்திடமிருந்து மீண்ட அதிகாரிகள் தற்கொலைக்கு நெருக்கப்பட்டனர். 1941 ஜனவரியில் போர் அமைச்சர் தோஜோவின் பெயரில் வெளியான செஞ்சின்குன் என்ற போர்க்கள நெறிநூல், சிறைப்படும் இழிவோடு உயிர்வாழலாகாது என்று விதித்தது. குகாவின் சாவுக்கும் இந்த நெறிநூலுக்கும் இடையே ஒன்பதே ஆண்டுகள்.

செஞ்சின்குன் தரைப்படையின் நூல். தோயோஷிமா கடற்படை வீரர். ஆகவே அந்த ஒரு நூலைக் காரணம் காட்டி நிறுத்திக்கொள்ளவும் இயலாது. கடற்படையின் மனநிலையைக் காட்டும் சான்று வேறு. போர்க்கைதிகள் பற்றிய 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையொப்பமிட்டது, ஏற்புறுதி அளிக்கவில்லை. 1934இல் கடற்படைத் தலைமை தன் எதிர்ப்புக்குச் சொன்ன காரணங்களில் இரண்டு நம் ஆய்வுக்கு முக்கியமானவை. ஜப்பானிய வீரர் கைதியாவதில்லை, எனவே உடன்படிக்கை ஒருதலைச் சுமையாகும் என்பது ஒன்று. பிடிபட்டால் நல்ல நடத்தை உறுதி என்றால் எதிரி விமானி திரும்பிப் போக எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டியதில்லை, அவனது தாக்குதல் தொலைவு இருமடங்காகும் என்பது மற்றொன்று. இங்கே பேசுவது மானவுணர்ச்சி அன்று, கணக்கு. தன் விமானிக்குச் சிறைவாழ்வு இல்லை என்று முடிவுசெய்த அதே ஏட்டில், எதிரி விமானிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று அரசு எழுதியது.

3. கௌராவில் நடந்தது

ஜப்பானியக் கைதிகளில் பலர் தோயோஷிமாவைப் போலவே பொய்ப்பெயரில் வாழ்ந்தனர். வீட்டுக்குக் கடிதம் எழுதும் வாய்ப்பை மறுத்தனர். பிடிபட்ட செய்தியை ஊருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்றனர். ஊரில் அவர்கள் செத்தவர்கள். உயிரோடிருப்பது தெரிந்தால் அவமானம் குடும்பத்தின் தலையில் விடியும் என்பது அவர்களின் அச்சம்.

1944 ஆகஸ்டில் கௌராவின் ஜப்பானியக் கைதிகளுக்கான பி முகாமில் 1,104 ஜப்பானியர் இருந்தனர். நெருக்கடியைத் தணிக்க, சாதாரணச் சிப்பாய்களைப் பிரித்து ஹே முகாமுக்கு அனுப்ப நிர்வாகம் முடிவுசெய்து, ஆகஸ்ட் 4 அன்று அறிவித்தது. அன்றிரவு, வேலியை நோக்கிப் பாய்வதா என்று குடில்தோறும் வாக்கெடுப்பு நடந்தது. உயிர்பிழைத்தவர்கள் பிற்காலத்தில் சொன்னவை ஊன்றிப் படிக்கத்தக்கவை. சாக விருப்பமில்லாமலே, கோழை என்ற பெயருக்கு அஞ்சி ‘ஆம்’ என்றவர்கள் பலர். உள்ளம் ஒன்று, வாக்கு ஒன்று. எல்லோர் நெஞ்சிலும் ஊறிய மரபாக அது இருந்திருந்தால் இந்தப் பிளவுக்கே இடமிருந்திராது.

பேஸ்பால் மட்டைகளும் சமையற்கட்டுக் கத்திகளும் ஆணி அறைந்த கட்டைகளுமே ஆயுதம். முள்வேலியின் மேல் போர்வைகளை விரித்து ஏறினர். 231 ஜப்பானியர் மாண்டனர். இயந்திரத் துப்பாக்கி ஒன்றைக் காத்துநின்ற பெஞ்சமின் ஹார்டி, ரால்ஃப் ஜோன்ஸ் உள்ளிட்ட நான்கு ஆஸ்திரேலியப் படையினர் உயிரிழந்தனர். வெளியேறிய முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பொதுமக்கள் எவரையும் தொடவில்லை. பசியோடு வந்த கைதிகளுக்குப் பண்ணைவீட்டுப் பெண்மணி ஒருவர் தேநீரும் ஸ்கோன் பலகாரமும் தந்தார். கொல்லப் புறப்பட்ட கூட்டம் இப்படி நடந்துகொள்ளாது. சாகப் புறப்பட்ட கூட்டம் அது.

4. எதிர்ச்சான்று: பாயிங்டன்

இந்த வாதத்தைச் சோதிக்க எதிர்ப்பக்கத்து விமானி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மரைன் படையின் 214ஆம் போர்விமானப் பிரிவின் தலைவர் கிரெகரி பாயிங்டன், 1944 ஜனவரி 3 அன்று ரபௌல் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலால் பிடிக்கப்பட்டார். ரபௌல், ட்ரக் வழியாக யோகோஹாமாவுக்கு அருகிலிருந்த ஓஃபூனா விசாரணை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். கடற்படை நடத்திய அம்முகாமின் கைதிகளைப் பற்றி செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தெரிவிக்கவில்லை. அடியும் பட்டினியும் அன்றாடம்.

அவரும் பெயரற்றவர்தாம். ஆனால் அவர் பெயரை மறைத்தது பிடித்த நாடு. சொந்த நாடு அவர் இறந்திருக்கலாம் என்றெண்ணி, 1944 மார்ச்சில் மிக உயர்ந்த வீர விருதை அறிவித்து எடுத்துவைத்தது. 1945 ஆகஸ்ட் 29 அன்று, பின்னர் மாற்றப்பட்டிருந்த ஓமோரி முகாமிலிருந்து மீண்டவர், அக்டோபரில் அதிபர் ட்ரூமனின் கையால் அதைப் பெற்றார். நல்ல உணவு பெற்ற தோயோஷிமா சாவை நாடினார்; பட்டினி கிடந்த பாயிங்டன் வாழ்வைப் பற்றிக்கொண்டார். சிறையின் தரம் இந்த வேறுபாட்டை விளக்காது. திரும்பிப் போனால் ஏற்றுக்கொள்ளும் வாசல் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

5. மறுப்புகள்

பாயிங்டன் பிழைத்தது தற்செயல் என்று மறுக்கலாம். உண்மைதான். 1942 ஏப்ரலில் டோக்கியோவைத் தாக்கிய அமெரிக்க டூலிட்டில் விமான அணியினரில் பிடிபட்ட எண்மரில் மூவர் அக்டோபரில் ஷாங்காயில் கொல்லப்பட்டனர். ஒருவர் சிறையிலேயே மாண்டார். எதிரி விமானிகளுக்கு மரண தண்டனை விதிக்கத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. என் வாதம் பிழைத்தோர் எண்ணிக்கையைப் பற்றியதன்று; சிறைப்பட்டவர் தம் வாழ்வை எப்படி மதித்தார் என்பதைப் பற்றியது.

தோயோஷிமா மனமாரவே அந்நெறியை நம்பியிருக்கலாமே என்பது அடுத்த மறுப்பு. நம்பியிருக்கலாம். ஆனால் நம்பிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. 1932இல் அவர் பள்ளிச்சிறுவர்; குகாவின் சாவைப் போற்றிய நாட்டில் வளர்ந்தவர். மேலும், கௌராவில் பிழைத்தவர்கள் 1946இல் தாயகம் திரும்பினர். பலர் சிறைவாழ்வைப் பல்லாண்டு வெளியே சொல்லவில்லை. ஆயினும் உழைத்தனர், குடும்பம் நடத்தினர். கொள்கையை வகுத்த அரசு வீழ்ந்தது, அதனோடு அந்தக் கட்டாயச் சாவும் போயிற்று.

6. முடிவு

மெல்வில் தீவில் விழுந்த விமானம் டார்வின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த எக்காளம் கான்பெராவின் போர் நினைவகத்தில் உள்ளது. மினாமியும் தோயோஷிமாவும் ஒருவரே என்பது போர் முடிந்து நெடுங்காலம் சென்றபின்தான் நிலைநாட்டப்பட்டது. அதுவரை ஓர் அரசின் கணக்கில் அவர் 1942இலேயே இறந்தவர், மற்றோர் அரசின் கணக்கில் வேறொருவர்.

பண்பாட்டின் மேல் பழியைப் போடுவது எளிது. அப்படிப் போட்டால் முடிவெடுத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள். உடன்படிக்கையை மறுத்ததும் நெறிநூலை அச்சிட்டதும் தற்கொலையைத் திரைப்படமாக்கிக் கொண்டாடியதும் பெயரும் பதவியும் உடைய மனிதர்கள். கௌராவின் 231 ஜப்பானியச் சாவுகளுக்கும் நான்கு ஆஸ்திரேலியச் சாவுகளுக்கும் முதற்பொறுப்பு அவர்களுடையது. வரலாறு எழுதுவோர் அதை அவர்கள் கணக்கிலேயே எழுத வேண்டும்.