திருச்சிராப்பள்ளியில் வேளாண் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலி

வேளாண் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலி என்பது, பயிர்த்தொழிலில் கூலிக்கு உழைப்பவருக்கு வேலை கொடுப்பவர் வழங்கியாக வேண்டிய, அரசு சட்டப்படி அறிவிக்கும் கீழெல்லைக் கூலி ஆகும். அதற்குக் குறைந்த தொகைக்குத் தொழிலாளி தாமே ஒப்புக்கொண்டாலும் அவ்வொப்பந்தம் செல்லாது.

வரலாறு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும், இலால்குடி, முசிறி வட்டங்களின் வாய்க்கால் பாசனப் பகுதிகளிலும் நெல், வாழை, கரும்பு ஆகியன பயிராகின்றன. இம்மாவட்டத்தில் விளைச்சலில் பங்கு பெற்று உழைத்தவர்களின் உரிமைகளை ஒழுங்குபடுத்த, திருச்சிராப்பள்ளி கையேறுவாரம் மற்றும் மாட்டுவாரம் சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது.

அண்டை மாவட்டமான தஞ்சாவூரில் பண்ணையாட்களுக்கென 1952-இலேயே பாதுகாப்புச் சட்டம் வந்தது. எனினும் கூலித் தகராறுகள் ஓயவில்லை. 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டு எழுந்த போராட்டம் இதற்குப் பின்னணியாக இருந்தது. பின்னர் அமைக்கப்பட்ட கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து, கிழக்குத் தஞ்சைக்காக 1969-இல் வேளாண்மைத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது.

நிர்ணயிக்கும் முறை

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், வேளாண்மையைத் தன் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் சேர்த்தது. மாநில அரசு குழு அமைத்தோ, வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டோ கூலியை நிர்ணயித்தது. ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் அதனை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அளவுகோல் வகுத்தது. வேலை கொடுப்பவரின் செலுத்தும் திறனைக் காரணம் காட்டிக் குறைந்தபட்சக் கூலியை மறுக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது. அதற்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே என 1982-இல் கூறியது.

நடைமுறைப்படுத்தல்

தொழிற்சாலையில் வருகைப் பதிவேடும் கூலிச் சீட்டும் உண்டு. வயலில் பெரும்பாலும் இவை இல்லை. நடவு சில நாட்களில் முடிந்துவிடும். தொழிலாளர் வேறு வயலுக்குச் சென்றுவிடுவர். 1948 சட்டப்படி ஆறு மாதத்துக்குள் முறையீடு செய்ய வேண்டியிருந்தது. அடுத்த பருவ வேலைக்கும் அதே நிலவுடைமையாளரை நம்பியிருந்தவருக்கு இது எளிதாக இருக்கவில்லை. குற்றத்துக்குரிய அபராதமும் ரூ. 500-க்கு மேற்படவில்லை, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமிருந்தது.

நடவு பல இடங்களில் ஏக்கர் கணக்கில் குத்தகையாகப் பேசப்படுகிறது. பேசிய தொகையை நட்டவர்கள் பகிர்ந்துகொள்வர். ஒரு நாள் உழைப்புக்கு ஒருவர் பெறும் பங்கு, அறிவிக்கப்பட்ட நாட்கூலியை விடக் குறைந்தால் அது சட்டமீறலே ஆகும். நடவிலும் களையெடுப்பிலும் பெண்களே மிகுதியாக ஈடுபடுவதால் இவ்விதி அவர்களுக்கு இன்றியமையாதது.

2019 ஊதியத் தொகுப்பு

1948 சட்டத்துக்கு மாற்றாக 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* முறையீட்டுக்கான காலம் மூன்று ஆண்டுகள்.
* கூலி கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவரைச் சேரும்.
* குறைவாகக் கொடுத்தால் ரூ. 50,000 வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ. 1 இலட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* வேளாண்மையில் ஐவருக்கு மிகாமல் வேலைக்கு வைப்பவர் பதிவேடு பேண வேண்டியதில்லை. எனினும் அலுவலர் கேட்கும்போது கூலி கொடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும்.

இக்கடைசி விலக்கு சிறு உழவரின் எழுத்துச்சுமையைக் குறைக்கிறது. அதே வேளையில், எத்தனை நாள் வேலை நடந்தது என்பதற்கான ஆவணமும் இல்லாமற் போகிறது. ஆகவே வேலை நாட்களையும் பெற்ற தொகையையும் தொழிலாளர் தாமே குறித்து வைப்பது முறையீட்டின்போது பயன்படும்.