எண்ணுதலும் எட்டிப் பார்த்தலும்

கணினிகளை இணைக்கும் வலையமைப்பில் செய்திகளின் போக்குவரத்தைக் கண்காணிப்பது, இன்று பள்ளி, வங்கி, மருத்துவமனை எனப் பல இடங்களிலும் அன்றாடப் பணியாகிவிட்டது. இப்பணியின் வரலாற்றை அறிந்தால், காவலுக்கும் ஒட்டுக்கேட்டலுக்கும் இடையேயுள்ள எல்லை தெளிவாகும்.

1973ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் ஈத்தர்நெட் என்னும் இணைப்பு முறையை வகுத்தார். கணினிகள் அனைத்திற்கும் ஒரே வடம் பொதுவழியாக அமைந்தது. ஒரு கணினி அனுப்பும் செய்தி எல்லாக் கணினிகளின் வாயிலுக்கும் செல்லும். உரியது ஏற்கும், மற்றவை புறக்கணிக்கும். புறக்கணிக்க மறுக்கும் கணினியோ, பிறருக்குரிய செய்திகள் அனைத்தையும் படிக்கலாம்.

அவ்வாறு படிப்பதால் நன்மையும் உண்டு. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் அதற்கு 400 கெச தூரத்திலிருந்த பல்கலைக்கழகத்திற்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. அந்நெரிசலின் காரணத்தை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் தீர்வை வெளியிட்டார். வடத்தில் செல்லும் செய்திப் பொதிகளை ஒவ்வொன்றாகக் காட்டும் டிசிபிடம்ப் என்னும் மென்பொருளும் அதே ஆய்வகத்தில்தான் பிறந்தது.

1990ஆம் ஆண்டில் கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் ஏழு துறைகள் கொண்ட ஈத்தர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. எக்கணினி எத்துறையில் உள்ளது என்பதைச் சுவிட்சு கற்றுக்கொண்டு, செய்தியை உரிய துறைக்கு மட்டுமே செலுத்தும். வேகம் பெருகிற்று, ஒட்டுக்கேட்போர் வழியும் குறுகிற்று. ஆனால் காவலரின் கண்ணும் உடன் மறைந்தது.

இழந்த பார்வையை மேலாண்மை வசதியுடைய சுவிட்சுகள் இரு வகையில் மீட்டுத் தந்தன. ஒன்று, எண்ணுதல். 1988இல் வெளியான எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறையின்படி, ஒவ்வொரு துறையும் கடந்துசென்ற செய்தியின் அளவைக் கணக்கிட்டு, கேட்கும்போது கூறும். 1995இல் டோபியாஸ் எட்டிக்கர் உருவாக்கிய எம்ஆர்டிஜி மென்பொருள், அக்கணக்கை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கேட்டு வரைபடமாகத் தீட்டியது. மற்றொன்று, படியெடுத்தல். ஒரு துறையின் செய்திகள் அனைத்தையும் அவ்வாறே மற்றொரு துறைக்கும் அனுப்புமாறு சுவிட்சுக்கு ஆணையிடலாம்.

முன்னது அஞ்சல் பையை நிறுத்துப் பார்ப்பது. பின்னது கடிதத்திற்கே படியெடுப்பது. நெரிசலை அறியப் பெரும்பாலும் எடையே போதும். பழுதின் காரணத்தைத் தேடும்போதோ, ஊடுருவலை ஐயுறும்போதோதான் படி தேவையாகிறது. இன்று பல செய்திகள் மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. எனினும் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு பேசினர் என்பதைப் படி காட்டிவிடும்.

கடவுச்சொல்லை உடையவர் இடும் ஆணைக்குச் சுவிட்சு பணியும். அவரது நோக்கத்தை அது வினவாது. எனவே, யார், எதற்காக, எவ்வளவு காலம் பார்க்கலாம் என்னும் வரையறையை மனிதரே வகுத்தல் வேண்டும். வரையறையின்றேல், வேலியே பயிரை மேயும் நிலை தோன்றும் என்பதை நாம் மறத்தலாகாது.